எங்கே குடியிருப்பது?
(கரமனையை முன்வைத்துச் சில எண்ணங்கள்)

ஒவ்வோர் ஆண்டும் வகுப்புகள் தொடங்கும் நாளில் நம் மன்றத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கையர் முதலில் கேட்பது பாடத்தைப் பற்றி அன்று. பேராசிரியர்களைப் பற்றியும் அன்று. "அண்ணா, எந்தப் பக்கம் அறை பார்க்கலாம்? எது நல்ல இடம்?" என்பதே அவர்களுடைய முதற் கேள்வி. கேட்பவர்க்கு இது சிறிய கேள்வி அன்று. வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே வந்திருக்கிறார். சுற்றிலும் பேசும் மொழி பாதி விளங்குகிறது, பாதி விளங்கவில்லை. கையில் உள்ளது தந்தையார் கணக்குப் பார்த்துக் கொடுத்தனுப்பிய பணம். தவறான இடத்தில் முன்பணத்தைக் கட்டி அகப்பட்டுக்கொண்டால், ஓராண்டுப் படிப்பும் கெடும், உடல்நலமும் கெடும்.

இக் கேள்விக்கு மூத்தவர்களாகிய நாம் சொல்லும் விடை என்ன? "கரமனைக்குப் போ, நம்மவர் இருக்கிறார்கள்." "அந்தப் பக்கம் மட்டும் போய்விடாதே." இவ்வளவுதான். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள்" என்போம். நமக்கு முன் இருந்தவர்கள் நம்மிடம் சொன்னதை நாம் நமக்குப் பின் வருபவர்களிடம் சொல்கிறோம். ஊர்ப் பகுதிகளுக்கு நல்ல பெயரும் கெட்ட பெயரும் இவ்வாறுதான் ஏற்படுகின்றன. பெயரைக் கேட்டுக் குடியேறாமல், இடத்தைப் பார்த்துக் குடியேறுவது எப்படி என்பதே இக் கட்டுரையின் பொருள். எடுத்துக்காட்டாகக் கரமனையையே எடுத்துக்கொள்வோம்.

நகரைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரத்தை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகக் காட்டுகிறது. எந்தப் பாக்கத்தில் எத் தொழிலர் இருந்தனர், எங்கே கடைகள் இருந்தன, எங்கே அரச வீதி இருந்தது என்பதையெல்லாம் அங்கே காணலாம். புகாரைப் பாடிய புலவர் அதனை ஊன்றிப் பார்த்தார். நாம் அறை தேடும்போதாவது அவ்வாறு பார்க்க வேண்டும் அன்றோ?

முதலில் கரமனை எங்கே இருக்கிறது என்று காண்போம். நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் வருபவர் களியக்காவிளையில் எல்லையைக் கடக்கிறார். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், பாப்பனங்கோடு, கைமனம் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பின்னர் ஓர் ஆற்றுப் பாலம். அதைத் தாண்டினால் கரமனை. சற்றுத் தொலைவில் கிள்ளிப்பாலம், அங்கே கிள்ளியாறு. அதையும் தாண்டினால் ஒரு பக்கம் சாலைக் கடைத்தெரு. மறு பக்கம் தம்பானூர்ப் பேருந்து நிலையமும் இரயில் நிலையமும். ஆகவே கரமனை, தெற்கிலிருந்து வருபவர்க்கு நகரத்தின் வாயில். அதுமட்டுமன்று, கரமனையாறு கிள்ளியாறு ஆகிய இரண்டு ஆறுகளுக்கு நடுவே அமைந்த நிலம். இந்த இரண்டாவது செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

தமிழர் இங்கே வந்து தங்கியதற்கும் இந்த வழியே காரணம். 1956 நவம்பர் முதல் நாள் வரையில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களுக்குத் திருவனந்தபுரமே தலைநகர். நாஞ்சில் நாட்டார்க்கு வழக்கென்றாலும் வேலையென்றாலும் கல்லூரியென்றாலும் இந்த ஊர்தான். வணிகர் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்தனர். தமிழ் அந்தணர்கள் கோட்டைக்ககத்திலும் வலியசாலையிலும் கரமனையிலும் அக்கிரகாரத் தெருக்களில் குடியேறினர். 1956இல் எல்லை மாறியது, தெருக்கள் மாறவில்லை. சாலைக் கடைத்தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கிய ஆ. மாதவனும், இந் நகரத்தையே நாவலின் களமாக்கிய நீல. பத்மநாபனும் இந்தத் தெருக்கள் தமிழுக்குத் தந்த செல்வங்கள்.

சரி, இவ்வளவு தமிழ்ச் சிறப்புடைய இடம் குடியிருக்கவும் நல்ல இடமா? நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

முதற் கேள்வி: நீர்.

அகத்திய மலைப் பகுதியில் தோன்றும் கரமனையாறு ஏறத்தாழ 68 கிலோமீட்டர் ஓடிக் கடலிற் கலக்கிறது. நகரத்தின் குடிநீர் இந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. அருவிக்கரையில் நீரைத் தேக்கித் தூய்மை செய்து குழாய் வழியே நகருக்குக் கொண்டுவரும் திட்டம் 1933இல் தொடங்கிற்று. அதற்கும் மேலே பேப்பாறை அணை பிற்காலத்தில் எழுந்தது. மலைப் பக்கம் குடிநீராக இருக்கும் அதே ஆறு, நகரத்தின் கழிவுகளை வாங்கிக்கொண்டு கரமனைக்கு வரும்போது குடிக்கத் தகாததாகி விடுகிறது. எனவே ஆற்றங்கரையில் இருப்பதனால் மட்டும் தண்ணீர்க் கவலை தீர்ந்துவிடாது.

2024 செப்டம்பரில் நடந்ததை மூத்த மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாகர்கோவில் இரயில் பாதையை இரட்டையாக்கும் வேலைக்காகப் பெரிய குடிநீர்க் குழாய்களை இடம் மாற்றினார்கள். சில மணி நேரத்தில் முடியும் என்றிருந்த வேலை நாட்கணக்கில் நீண்டது. நகரின் பல வார்டுகளில் குழாயில் சொட்டு நீர் இல்லை. அந்நாட்களில் எந்த வீடு நல்ல வீடாக இருந்தது? பளிங்குத் தளம் போட்ட வீடா? இல்லை, கொல்லையில் கிணறு இருந்த வீடு. ஆதலின் அறை பார்க்கப் போகிறவர், "குழாய் உண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டா. "கிணறு உண்டா? கோடையில் வற்றுமா? மேலே தொட்டி எவ்வளவு பெரிது? எத்தனை பேருக்கு?" என்றும் கேளுங்கள்.

நீர் இல்லாமையைப் போலவே நீர் மிகுதியும் கேடு. இங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம்: இடவப்பாதி ஒன்று, துலாவருஷம் ஒன்று. திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான ஊர். மேட்டில் விழும் மழையெல்லாம் பள்ளத்துக்கே வரும். தம்பானூர் பலமுறை நீரில் நின்றது. அதற்காக 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் கால்வாய்களைத் திறந்து விட்டார்கள். 2023 அக்டோபரில் ஒரே இரவு பெய்த பெருமழையில் நகரின் தாழ்ந்த பகுதிகள் பல மூழ்கின. 2024 சூலையில், இரயில் நிலையத்தை ஒட்டிய ஆமையிழஞ்சான் தோட்டைத் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளர் ஒருவர் குப்பையும் வெள்ளமும் சேர்ந்த அந் நீரில் உயிரிழந்தார். நாம் வீசி எறியும் குப்பை எங்கே போகிறது, அதை எடுக்க யார் இறங்குகிறார் என்பதும் குடியிருப்பைப் பற்றிய கேள்விதான்.

கரமனை இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ளது என்றேன். அங்கே ஒரு தெரு போல் மற்றொரு தெரு இல்லை. உயர்ந்து நிற்கும் தெருவும் உண்டு. ஆற்றை நோக்கிச் சரியும் சந்தும் உண்டு. வீட்டுக்காரரைக் கேட்டால், "இங்கே தண்ணீரே வராது" என்பார். அவரைக் கேட்க வேண்டா. எதிரே தேநீர்க் கடைக்காரரைக் கேளுங்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் பழைய ஈரக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் மழை பெய்யும்போதே போய்ப் பாருங்கள். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

இரண்டாம் கேள்வி: வழி.

ஓரிடம் நல்லதா என்பது நீங்கள் எங்கே போக வேண்டும் என்பதைப் பொறுத்தது. பாளையத்திலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் படிப்பவருக்குக் கரமனை வசதி. தம்பானூர் மூன்று கிலோமீட்டர் அளவில். அங்கிருந்து பாளையம் அடுத்த தொலைவு. அவசரமென்றால் நடந்தே சேரலாம். ஆனால் காரியவட்டத்தில் படிப்பவருக்கோ நகரத்தின் தென்முனையிலிருந்து வடமுனைக்குப் போவது போன்ற பயணம். கேசவதாசபுரம், உள்ளூர், ஸ்ரீகாரியம் என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று நின்று போகும் பேருந்தில், பதினைந்து கிலோமீட்டருக்கு மேல், காலையும் மாலையும் போய் வர வேண்டும். "நம்மவர் இருக்கிறார்கள்" என்ற ஒரே காரணத்துக்காகக் கரமனையில் அறை எடுத்த காரியவட்ட மாணவர், நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரத்தைச் சாலையில் கொட்டுகிறார். ஓராண்டில் அது எத்தனை நாளாகும் என்று அவரே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

வழியைப் படத்தில் பார்த்து அளக்கக் கூடாது. எந்த நேரத்தில் போவீர்களோ அந்த நேரத்தில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். காலை ஒன்பது மணிக் கரமனைச் சந்திப்பும் ஞாயிறு மதியக் கரமனைச் சந்திப்பும் ஒன்றல்ல. வெளியூரிலிருந்து இரவில் கடைசிப் பேருந்தில் இறங்கினால் அறை வரைக்கும் எப்படிப் போவது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஊருக்கு அடிக்கடி போய் வரும் குமரி மாவட்டத்து நண்பர்க்கு, நாகர்கோவில் வண்டி வாசலிலேயே நிற்பது கரமனை தரும் தனி வசதி.

மூன்றாம் கேள்வி: தெரு.

அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் நகரங்களைப் பற்றி 1961இல் ஒரு நூல் எழுதினார். தெருவைக் காப்பது காவலர் மட்டும் அல்லர். கடை வாசலில் நிற்பவர், சன்னலில் எட்டிப் பார்ப்பவர், போவோர் வருவோர் ஆகிய இவர்களுடைய கண்களே தெருவைக் காக்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. நமக்கு இது புதிய செய்தியா? திண்ணை வைத்து வீடு கட்டியவர்கள் நாம். திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தால் தெருவில் யார் வந்தார், யார் போனார் என்பது அவருக்குத் தெரியாமல் இராது.

கரமனையின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டில் தாளிக்கும் ஓசை அடுத்த வீட்டில் கேட்கும். தனியே வந்து தங்கும் தங்கைமார்க்கு இது பாதுகாப்பு. ஆனால் அதே கண்கள், "எத்தனை மணிக்கு வந்தாள், யாரோடு பேசினாள்?" என்றும் கணக்கெடுக்கும். காவலும் கட்டுப்பாடும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எவ்வளவு காவல் வேண்டும், எவ்வளவு கட்டுப்பாடு பொறுக்கும் என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, பெண்கள் அச்சமின்றி நடக்கிறார்களா என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மொழியும் தெருவைச் சேர்ந்ததே. முதல் சில மாதங்கள் தமிழ் கேட்கும் தெருவில் இருப்பது ஆறுதல்தான். காய்ச்சல் வந்தால் இரசம் வைத்துத் தர ஒரு மாமி இருப்பார். ஆயினும் மூன்றாண்டு இங்கே படித்துவிட்டு மலையாளத்தில் நான்கு வரி பேசத் தெரியாமல் ஊர் திரும்புபவரை நான் கண்டிருக்கிறேன். அவர் திருவனந்தபுரத்தில் வாழவில்லை. ஒரு தெருவில் வாழ்ந்தார். கரமனைத் தமிழரே மலையாளம் கலந்த தமிழும் தமிழ் கலந்த மலையாளமும் பேசுகிறவர்கள். அவர்களிடம் நாம் கற்க வேண்டியது அந்த இரு நாவன்மையை.

நான்காம் கேள்வி: வாசல்.

இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாண்டில் நானும் என் நண்பனும் சேர்ந்து அறை தேடினோம். தமிழ்க் குடும்பத்து வீடு ஒன்றில் மாடி அறை காலியாக இருந்தது. வீட்டுக்காரர் அன்பாகப் பேசினார். காப்பி கொடுத்தார். எந்த ஊர் என்றார், சொன்னோம். தந்தையார் என்ன செய்கிறார் என்றார், சொன்னோம். பிறகு, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்றார். என் விடையைக் கேட்டுத் தலையசைத்தார். நண்பனின் விடையைக் கேட்டதும், "அறையை உறவினர் ஒருவர் கேட்டிருக்கிறார், சொல்லி அனுப்புகிறேன்" என்றார். தெருமுனை வரையில் நாங்கள் இருவரும் பேசவில்லை. பின்னர் நண்பன் சொன்னான்: "நீ வேண்டுமானால் அந்த அறையை எடுத்துக்கொள். எனக்கு இது பழக்கம்." அந்த 'பழக்கம்' என்ற சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நாங்கள் வேறு பகுதியில் ஓர் அறை எடுத்தோம். அங்கே யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அது பள்ளத்தில் இருந்த வீடு. துலாமாதத்து முதற் பெருமழையில் வாசற்படி வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. புத்தகங்களைக் கட்டிலின் மேல் அடுக்கிவிட்டு விடிய விடிய விழித்திருந்தோம். அன்றுதான் ஒன்று விளங்கிற்று. 'நல்ல இடம்', 'கெட்ட இடம்' என்பவை மண்ணில் தாமாக முளைத்தவை அல்ல. மேட்டு நிலத்தின் வாசலில் ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்டால், அவர் பள்ளத்து நிலத்துக்குத்தான் போவார். பிறகு, "அந்தப் பக்கம் சரியில்லை" என்று நாமே சொல்வோம்.

இந்த மண்ணின் வரலாறே இதற்குச் சான்று. வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யங்காளி, 1893இல் வில்வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் சென்றார். ஒடுக்கப்பட்டோர் அச் சாலையில் நடப்பதையே பொறுக்காத காலம் அது. திருவிதாங்கூரில் கோயில் வாசல் எல்லார்க்கும் திறந்தது 1936இல். சாலை திறந்தது, கோயில் திறந்தது, வாடகை வீட்டு வாசல் மட்டும் இன்னும் சில இடங்களில் ஒருக்களித்தே இருக்கிறது.

இக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்று, இருநூற்றுக்கு மேற்பட்ட நகரங்களின் குடியிருப்புகளுக்குத் தரம் பிரித்துப் படம் வரைந்தது. பச்சை நல்லது, சிவப்பு ஆபத்து. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாயின. சிவப்புப் பகுதிக்குக் கடன் கிடைப்பது அரிதாயிற்று. கடன் இல்லாததனால் வீடுகள் பழுதாயின. பழுதான வீடுகளைக் காட்டி, "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரி" என்றார்கள். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன வேற்றுமை காட்டக் கூடாது என்ற சட்டம் 1968இல்தான் வந்தது. நாம் புதிய மாணவரிடம் "அந்தப் பக்கம் போகாதே" என்று சொல்லும்போது, நம் கையிலும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கிறது.

தம்பானூருக்கு அருகே செங்கல்சூளை என்ற குடியிருப்பு உண்டு. இன்று ராஜாஜி நகர் எனப்படுகிறது. அதன் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர் பலர். 2021இல் அங்குள்ள சிறுவர்கள் 'அயன்' படப் பாடல் ஒன்றைத் தங்கள் சந்துகளிலேயே ஆடிக் கைப்பேசியில் படமாக்கினார்கள். நடிகர் சூர்யாவே அதைக் கண்டு பாராட்டினார். பாராட்டுக்குப் பிறகுதான் நகரத்தார் பலர் அந்தச் சந்துகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அதுவும் ஒரு கைப்பேசித் திரை வழியாக.

இனிக் கரமனைக்குத் தீர்ப்புச் சொல்லலாமா? பாளையத்தில் படிப்பவர்க்கும், குமரி மாவட்டத்துக்கு அடிக்கடி போகிறவர்க்கும், உயர்ந்த தெருவில் கிணற்றோடு கூடிய வீடு கிடைத்தால் கரமனை மிக நல்ல இடம். காரியவட்டத்தில் படிப்பவர்க்கு அது வார இறுதியில் விருந்துண்ணப் போக வேண்டிய இடம். குடியிருப்புக்கு ஸ்ரீகாரியத்துப் பக்கமோ காரியவட்டத்தின் அருகோ பார்ப்பதே நன்று. ஆற்றோரத்துச் சந்தாக இருந்தால், மழைக்காலம் பாராமல் முன்பணம் கொடுக்க வேண்டா. ஆக, 'கரமனை நல்லதா?' என்ற கேள்விக்கு ஒரு விடை இல்லை. எந்தத் தெரு, எந்த வீடு, யாருக்கு என்று கேட்டால் விடை உண்டு.

முடிவாக நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். மன்ற அறையில் ஓர் ஏடு வைப்போம். அறையைக் காலி செய்து போகும் ஒவ்வொருவரும் அதில் நான்கு விடைகளை எழுதிவிட்டுப் போகட்டும்: நீர் எப்படி, வழி எப்படி, தெரு எப்படி, வாசலில் என்ன கேட்டார்கள்? அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையர்க்கு ஊர்ப்பேச்சுக்குப் பதிலாக அந்த ஏட்டை எடுத்துக் கொடுப்போம். முதல் மூன்றில் குறையிருந்தால் அவரவர் வசதிபோல் முடிவு செய்யட்டும். நான்காவதில் குறையுள்ள வீட்டுக்கு மட்டும் நம்மில் எவரும் போவதில்லை என்று உறுதி கொள்வோம்.

அன்று என் நண்பன், "நீ வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்றான். எடுத்துக்கொள்ளாததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அந்த மழை இரவில் நனையாமல் காத்த புத்தகங்களை வைத்துத்தான் நாங்கள் இருவரும் தேர்வு எழுதினோம்; இருவரும் தேறினோம்.